உப்பைப் பிடித்துக்கொண்டு போன கதை

எங்கள் ஆபீசில் பில் போடும் கம்ப்யூட்டரில் 2501 என்று அடித்தால் உப்பு வந்து நிற்கும். பக்கத்தில் ஜிஎஸ்டி என்ற கட்டத்தில் பூஜ்யம். தூத்துக்குடியில் ஒரு உப்பு வியாபாரியிடம் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பூஜ்யத்தை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. 2024இல் ஒரு புத்தகம் படித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், போன மாதம் என் மேசையில் கிடந்த புத்தகங்களைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். நாவல், கட்டுரை, சங்கப் பாட்டு, பறவைப் படங்கள் என்று கலந்து கட்டிக் கிடந்தது. கூடப் படித்தவள் ஒருத்தி பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எங்கடீ தேடிப் பிடிக்க? எனக்கும் ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பு" என்றாள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் லிஸ்ட் வரவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கு முந்தினதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு முந்தினதற்கு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரி, முழுக்கவே எழுதிவிடலாம்.

பள்ளிக்கூடக் காலத்தில் கிளை நூலகத்தில் நான் எடுத்ததெல்லாம் நாவல்தான். கல்யாணத்துக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவல். கட்டுரைப் புத்தகம் என்றால் பரீட்சைக்குப் படிப்பது என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. நாற்பது வயது தாண்டியதும் திடீரென்று ஒரு ரோஷம் வந்தது. இணையத்தில் 'சாவதற்குள் படிக்க வேண்டியவை' என்கிற மாதிரி ஒரு நாவல் பட்டியலை இறக்கி, புத்தகத் திருவிழாவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு மளிகைச் சாமான் வாங்குவது போல ஒவ்வொன்றாக டிக் அடித்து வாங்கினேன். பதினொரு புத்தகம். இரண்டை முடித்தேன். மூன்றாவதில் நாற்பதாம் பக்கத்தில் ஒரு மினி பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தேன். மீதி எட்டு அலமாரியின் கீழ்த் தட்டுக்குப் போயின. மேல்தட்டில் பையன் வாங்கிய கோப்பைகள் இருந்தன.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பெய்த மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு கணக்கு: இங்கிருந்து கொஞ்சம் தெற்கே இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியது ஒரு ராத்திரியில் இறங்கியது. எங்கள் தெருவில் முழங்கால் உயரம், வீட்டுக்குள் ஒன்றரை அடி. தண்ணீர் வடிய நாலு நாள் ஆனது. நாங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டு ஆச்சியிடம் போய்விட்டோம். அரிசி, கேஸ், பையனுடைய சர்டிபிகேட் எல்லாம் ஞாபகம் வந்தது. கீழ்த் தட்டு ஞாபகமே வரவில்லை.

அளத்தில், அதாவது உப்பளத்தில், என்ன ஆகியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? குவித்து வைத்திருந்த அம்பாரம் அம்பாரமாகக் கரைந்து போயிருந்தது. முதலாளி அண்ணாச்சி போனில், "கணக்குல எம்புட்டு டன் காட்டுது?" என்று கேட்டார். சொன்னேன். "அடிச்சிரு" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று கீழ்த் தட்டை இழுத்தால் வரவில்லை. புத்தகங்கள் ஊறி, தடித்து, தட்டுக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருந்தன. ஒன்றை உருவ நான்கைக் கிழிக்க வேண்டியிருந்தது. வழவழப்புத் தாளில் அச்சடித்தவை பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் செங்கல் ஆகிவிட்டன. அவற்றைக் காப்பாற்ற வழியே இல்லை. மட்டமான தாள் என்று நாம் குறை சொல்லுவோமே, அந்தத் தாளில் வந்தவைதான் பிழைத்தன. பட்டியலைப் பார்த்து வாங்கிய எட்டில் ஏழு போயிற்று. எட்டாவது சன்னமான புத்தகம், தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. அது எப்படி அந்த நாவல் பட்டியலுக்குள் வந்தது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. கடைக்காரர் தவறுதலாகக் கட்டிக் கொடுத்திருக்கலாம்.

ஈரப் புத்தகத்தை உலர்த்துவது அப்பளம் காயவைப்பதைவிடப் பொறுமையான வேலை. வெயிலில் போட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பக்கத்தைப் பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு வந்துவிடும். நான் செய்தது இதுதான்: முதலில் அட்டையைக் கொஞ்சம் விரித்துப் புத்தகத்தைச் செங்குத்தாக நிற்க வைத்தேன். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகு பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஈரமான துண்டை உருவிவிட்டுக் காய்ந்ததை வைக்க வேண்டும். ஃபேனைக் குறைத்து வைத்து, புத்தகத்தைப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். ஊரே ஈரமாக இருந்ததால் காய்ந்த செய்தித்தாளுக்கே தட்டுப்பாடு. மாடி வீட்டு ஆச்சி பரணில் வைத்திருந்த பழைய பேப்பரைக் கொடுத்தாள், கிலோ கணக்குப் பார்க்காமல்.

ஆறு நாள் அப்படிச் செய்தேன். துண்டு மாற்றும்போது கண்ணில் படுகிற வரியைப் படிக்காமல் இருக்க முடியுமா? மூன்றாம் நாள் ஒரு பக்கத்தில் 'உப்பு' என்று தலைப்பு. நம்ம சரக்கு ஆயிற்றே என்று ஈரத்தோடேயே படித்தேன். உப்பு என்ற சொல்லுக்கு முதலில் சுவை என்றுதான் பொருளாம். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாவற்றிலும் அந்தச் சொல்லே ஒளிந்திருக்கிறது என்கிறார். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததிலிருந்து சம்பளம் என்ற சொல் வந்தது என்கிறார். மாதா மாதம் 'சம்பளம்' என்று தலைப்புப் போட்டு வவுச்சர் எழுதுகிறவள் நான். அளம் என்ற சொல் காலையில் எழுந்ததிலிருந்து காதில் விழுகிற ஊர் இது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில் உப்புச் சேர்க்காத வழக்கத்தையும் எழுதியிருக்கிறார். அப்பாவுக்குப் படைத்தபோது, "உப்பு போட்டிராத" என்று பெரியம்மா என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

கட்டுரைப் புத்தகம் என்றால் பரீட்சை என்ற எண்ணம் அந்த ஈரப் பக்கத்தில்தான் கழன்றது. முழுப் புத்தகத்தையும் படித்தேன். நடுவில் நான்கு பக்கம் அழிந்து போயிருந்தது. அந்த நான்கு பக்கத்துக்காகத்தான், பல வருஷமாகப் போகாத நூலகத்துக்கு மறுபடி போனேன். சந்தாவைப் புதுப்பித்தேன்.

நூலகத்தில் எனக்குப் பிடித்த இடம் அலமாரி கிடையாது. திருப்பிக் கொடுத்த புத்தகங்களைக் குவித்து வைத்திருப்பார்களே, நூலகர் மேசைக்குப் பக்கத்தில், அதுதான். அதில் வகையும் இல்லை, வரிசையும் இல்லை. யாரோ ஒரு போட்டித் தேர்வுப் பையன், யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியார், சமையல் குறிப்புத் தேடும் ஒருத்தி, இவர்கள் மூன்று பேரும் ஒரு வாரத்தில் என்ன படித்தார்கள் என்று ஒரு குவியல். தொ.ப. இல்லை, வெளியே போயிருக்கிறது என்றார் நூலகர். சும்மா அந்தக் குவியலைப் புரட்டினேன். 'உப்பு வேலி' என்று ஒரு புத்தகம். உப்பளத்துக்கு வேலியா? அளத்துக்கு வேலி போட்டு எனக்குத் தெரியாதே என்றுதான் எடுத்தேன். பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் இரண்டே முத்திரை.

ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் எழுதியது. ஆங்கிலத்தில் 2001இல் வந்தது, தமிழில் சிறில் அலெக்ஸ் மொழிபெயர்த்து 2015இல் வந்திருக்கிறது. இந்த மனிதர் லண்டனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய தாள்களையும் புத்தகங்களையும் பழுது பார்த்துப் பாதுகாக்கும் வேலையில் இருந்தவர். எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஆறு நாள் செய்தித்தாள் செருகிக்கொண்டிருந்தவளிடம் போயும் போயும் இந்த ஆளா வந்து சேர வேண்டும்! 1995இல் ஒரு பழைய புத்தகக் கடையில், இந்தியாவில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் நினைவுக் குறிப்புகளை வாங்குகிறார். உள்ளே ஒரு அடிக்குறிப்பு. இந்தியாவுக்குக் குறுக்கே 2,300 மைல் நீளத்துக்கு ஒரு சுங்கக் கோடு இருந்தது, அதில் முள்மரங்களும் புதர்களும் வளர்த்த வேலி போட்டிருந்தார்கள், சுமார் 12,000 பேர் காவல் இருந்தார்கள் என்று அதில் இருக்கிறது. எதற்கு? உப்பு வரி கட்டாமல் யாரும் ஒரு மூட்டை உப்பைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்கு.

இத்தனை பெரிய வேலியைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. இவர் லீவு போட்டுவிட்டு இந்தியாவுக்கு வருகிறார், திரும்பிப் போகிறார், மறுபடி வருகிறார். பழைய வரைபடத்தையும் ஜிபிஎஸ் கருவியையும் வைத்துக்கொண்டு, கிராமம் கிராமமாக "இங்கே ஒரு வேலி இருந்ததா?" என்று கேட்டு அலைகிறார். 1998இல்தான் உத்தரப்பிரதேசத்து எட்டாவா மாவட்டத்தில், சம்பல் ஆற்றுப் பக்கம், அதன் மிச்சத்தைக் கண்டுபிடிக்கிறார். அந்த வேலியை 1879இலேயே கைவிட்டுவிட்டார்கள். ஆனால் அது நின்ற காலத்தில், உள்நாட்டில் ஒரு ஏழைக் குடும்பம் உப்புக்காக என்ன கொடுக்க வேண்டியிருந்தது, உப்புக் குறைந்தால் உடம்பு என்ன ஆகும் என்று ஒரு பகுதி இருக்கிறது. பயணக் கதை என்று சிரித்துப் படித்துக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மறுநாள் காலை ஆபீசில் 2501 அடித்ததும் அந்தப் பூஜ்யம் தெரிந்தது. உப்புக்கு வரி இல்லை. ஒரு சின்ன வட்டம், அதற்குப் பின்னால் அத்தனை முள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நூலகரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் அதிகம் பேசாதவர். பேனாவை மூடிவிட்டு, "நம்ம ஊர் உப்பைப் பத்தி ராஜம் கிருஷ்ணன் அம்மா நாவல் எழுதியிருக்காங்க, தெரியுமா மேடம்? கரிப்பு மணிகள்" என்றார். தெரியாது. தூத்துக்குடியில் பிறந்து, உப்பில் சோறு தின்று, கையில் எடுத்ததெல்லாம் நாவலாக இருந்தும் எனக்குத் தெரியாது. எந்தப் பட்டியலும் எனக்கு அதைச் சொல்லவில்லை. அலமாரியில் தேடினோம், கிடைக்கவில்லை. ராஜம் கிருஷ்ணனுடைய எழுத்துக்களை அவர் உயிரோடு இருக்கும்போதே அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதனால் இணையத்தில் யார் வேண்டுமானாலும் முறையாகவே படிக்கலாம். போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க ஆரம்பித்தேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பன்னிரண்டு வயதில் அளத்துக்குப் போனவள், முழங்கால் விட்டுப்போகிற வரைக்கும் போனாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் ராத்திரி கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி அப்படி முழிச்சு முழிச்சுப் பாக்க?" என்றாள். உப்பளத்துக் கதை என்றேன். "வாசி, கேப்போம்."

வாசித்தேன். தெப்பம் என்று ஒரு சொல் வந்தது. எனக்குத் தெப்பம் என்றால் கோயில் குளம்தான். நிறுத்தி யோசித்தேன். அம்மா இருட்டில் கையை நீட்டிக் காட்டினாள், தண்ணீர் ஓடுகிற திசையை. "மொதல்ல தெப்பத்துல தண்ணியக் கட்டணும். அங்க கெடந்து காஞ்சு தடிக்கணும். பெறவுதான் பாத்திக்கு விடுவாவ. அதுக்கு முந்தி தை மாசம் பாத்திய மிதிக்கணும்லா. மிதி மிதின்னு மிதிச்சு, தரை சிமெண்டு கணக்கா ஆகணும்." நான் பதினாறு வருஷமாக டன் டன்னாக எழுதிய சரக்கு எப்படி உண்டாகிறது என்று அன்றைக்குத்தான் வரிசையாகக் கேட்டேன். பில்லில் அது 'கல் உப்பு, தரம் 1' என்று இருக்கும்.

அதற்குப் பிறகு ராத்திரி ராத்திரி அதுதான். சில இடத்தில் அம்மா பேசாமல் கேட்பாள். சில இடத்தில் நிறுத்துவாள். "கூலி எம்புட்டுன்னு போட்டிருக்கு?" என்பது அவளுடைய முதல் கேள்வி. சொன்னேன். "அது எங்க காலத்துக்குப் பெறவு" என்றாள். இன்னொரு நாள், "வெயில்ல அளத்தப் பாத்தா கண்ணு பூத்துப்போவும், அதுக்குத்தான் விடியுமுன்ன போறது. அத எழுதியிருக்காவளா?" என்றாள். ஆண்கள் பெண்களை நடத்துகிற இடங்கள் வரும்போது மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் கேட்கவில்லை. ஒரு தரம், "அந்தம்மா நம்ம ஊரா?" என்றாள். இல்லம்மா, திருச்சிப் பக்கம், முசிறி. இங்கே வந்து அளத்துச் சனங்களோடு பேசிப் பழகி எழுதினாங்களாம் என்றேன். "வரப்புல நின்னுருக்கா" என்றாள். அதற்குமேல் ஒரு விமர்சனம் எந்த நாவலுக்கும் கிடைக்காது.

ஒரு எழுத்தாளர் பிடித்துப்போனால் அவருடைய எல்லாவற்றையும் வரிசையாகத் தின்று தீர்ப்பது என் பழைய வழக்கம். இந்தத் தடவை அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் ஒன்றை விட முடியவில்லை. சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'முள்ளும் மலர்ந்தது' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அந்த வெள்ளைக்காரர் வேலியைக் கண்டுபிடித்ததும் சம்பல் பக்கம்தானே! இரண்டு பேரும் வேறு வேறு வழியில் ஒரே ஆற்றங்கரைக்குப் போய் நிற்கிறார்கள். நாவல் எனக்குக் 'கரிப்பு மணிகள்' அளவுக்கு ஒட்டவில்லை. அம்மாவும் இரண்டு ராத்திரியோடு, "இது யாரு ஊரோ" என்று தூங்கிவிட்டாள்.

நூலகத்தில் இன்னொன்று கவனித்தேன். உப்பு ஒரே அலமாரியில் கிடையாது. தொ.ப. பண்பாட்டில் இருக்கிறார், உப்பு வேலி வரலாற்றில், ராஜம் கிருஷ்ணன் நாவலில், அகநானூறு நாலு அலமாரி தள்ளி. நூலகத்தில் அடுக்குவதற்கு அப்படித்தான் முடியும், வேறு வழி இல்லை. நூலக இயலுக்கே ஐந்து விதி எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். 1931இல் எழுதிய அந்த ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. இரண்டே முத்திரை விழுந்த அந்தத் தேதிச் சீட்டைப் பார்க்கும்போது எனக்கு அந்த விதிதான் ஞாபகம் வரும். மூன்றாவது முத்திரை என்னுடையது.

அகநானூறுக்குப் போனது எப்படி என்றால், உமணர் என்ற சொல். சங்கப் பாட்டில் வண்டி கட்டிக்கொண்டு உப்பு விற்கப் போகிறவர்கள். உரையோடு இருக்கும் பதிப்பாகப் பார்த்து எடுத்தேன். உரை இல்லாமல் எனக்கு நாலு வரி தாண்டாது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 140ஆம் பாட்டு அம்மூவனார் பாடியது. உப்பு விற்கும் பெண் வளை குலுங்கக் கையை வீசி நடந்து, 'நெல்லின் நேரே வெண்கல் உப்பு' என்று தெருவில் கூவுகிறாள். நெல்லும் உப்பும் சரிக்குச் சரி. புதுக் குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் பயந்து பார்க்கிறாள். அந்தக் கண்ணைப் பார்த்த பையன் கதி அதோ கதி. காதல் பாட்டுத்தான், ஆனால் கணக்கு எழுதுகிறவளுக்கு முதலில் விலைதான் கண்ணில் படும். ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு! எங்கள் பில் புத்தக விலைப்படி பார்த்தால் இன்றைக்கு ஒரு கிலோ நெல்லுக்கு ஐந்தாறு கிலோ உப்பாவது அள்ளிப்போட வேண்டியிருக்கும். அண்ணாச்சியிடம் சொன்னேன். "அந்தக் காலத்துலயே பொறந்திருக்கலாம்" என்றார். நாய் விஷயம் மாறவில்லை. எங்கள் தெருவில் சைக்கிளில் கல்லுப்பு விற்கிறவரைப் பார்த்துக் குரைக்காத நாய் கிடையாது.

பறவைப் புத்தகத்தின் கதை சுருக்கம். உப்பு வேலியை நன்றாகச் செழிக்க வைத்த சுங்க அதிகாரிகளில் ஒருவர் ஏ.ஓ. ஹ்யூம். 1885இல் காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். இது என்னடா என்று அவரைப் பற்றித் தேடினால், மனிதர் பெரிய பறவை ஆராய்ச்சிக்காரர். இந்தியப் பறவைகளைப் பற்றி வருஷக்கணக்கில் எழுதிச் சேர்த்த கையெழுத்துத் தாள்களைச் சிம்லா வீட்டு வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டாராம். மனிதர் அதோடு பறவை ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். மாடி வீட்டு ஆச்சியின் பரணை நினைத்துக்கொண்டேன். இத்தனை படித்த பிறகு, எங்கள் அளத்தில் வந்து நிற்கும் பறவைகளின் பேராவது தெரிய வேண்டாமா? ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா போட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' வாங்கினேன். வெள்ளத்துக்குப் பிறகு நான் காசு கொடுத்து வாங்கிய முதல் புத்தகம் அதுதான். அம்மாவுக்கு எழுத்துத் தேவைப்படாத புத்தகம். விரலை வைத்து, "இது வரும், இது வரும், இது மழைக்குப் பெறவு வரும்" என்று அவளே புரட்டிக்கொண்டு போனாள். நீளச் சிவப்புக் காலோடு ஒல்லியாக நிற்கும் ஒன்றைக் காட்டி, இது பாத்தித் தண்ணீரில் நிழல் விழாத மாதிரி நடக்கும் என்றாள். புத்தகத்தில் அதன் பேர் நெடுங்கால் உள்ளான். அம்மாவின் பேர் 'குச்சிக்காலன்'.

எல்லாம் இப்படி இனிமையாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஜோ டி குரூஸின் 'கொற்கை' ஆறு மாதமாக மேசையில் இருக்கிறது. எங்கள் ஊரின் நாவல், தோணிகளின் நாவல், சாகித்திய அகாதமி பரிசு வாங்கியது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆள் பேர்கள் வருகிற வேகத்துக்கு நான் ஒரு நோட்டில் லெட்ஜர் மாதிரி பேர் எழுதிக்கொண்டே படிக்கிறேன். முன்னூறு பக்கம் ஆகியிருக்கிறது. விடமாட்டேன், ஆனால் அவசரமும் இல்லை. கப்பல் என்றதும் வ.உ.சி. வருவார். அவர் கைதானதும் 1908 மார்ச் 13இல் திருநெல்வேலி கொந்தளித்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய புத்தகத்துக்கு 2024இல் அகாதமி பரிசு கிடைத்தது. அதை நூலகத்தில் முன்பதிவு செய்திருக்கிறேன், எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் வ.உ.சி. தன் வாழ்க்கையை அகவற்பாவில் எழுதியதைத் தொட்டுப் பார்க்கிறேன். தன் கதையைப் பாட்டாக எழுதுகிறவர் கொஞ்சம் பிடிவாதக்காரராகத்தான் இருப்பார்.

கிடைக்காமல் தேடிக்கொண்டிருப்பது 'சிப்பியின் வயிற்றில் முத்து'. வங்காளத்தில் போதிசத்வ மைத்ரேய எழுதியது, களம் நம் கடற்கரை. சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்க்க நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. வங்காளி ஒருவர் நம் ஊரைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்று ஆசையாக இருக்கிறது. பழைய புத்தகக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன். யாரோ ஒரு குழுவில் திருட்டு பிடிஎஃப்பாக முந்நூறு புத்தகத்தை மொத்தமாக அனுப்பினார்கள். அதில் இது இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அழித்துவிட்டேன். பெரிய தியாகம் எல்லாம் இல்லை. முந்நூறை மொத்தமாகப் பார்த்ததும் அந்தப் பதினொன்று ஞாபகம் வந்துவிட்டது.

லிஸ்ட் கேட்டவளுக்கு இந்தப் பதிவை அனுப்பப் போகிறேன். அவள் உப்பில் ஆரம்பிக்க வேண்டாம். அவள் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீசில் இருக்கிறார், அவளுக்குத் தீக்குச்சி போதும்.

அந்த அழிந்து போன நான்கு பக்கம் இன்னும் பாக்கி. தொ.ப. திரும்பி வந்துவிட்டார், எடுத்து வைத்திருக்கிறேன் என்று நூலகர் இன்று சாயங்காலம் சொல்லி அனுப்பினார். நாளை வெள்ளி, நூலகம் லீவு. மறுநாள் இரண்டாம் சனி, அதுவும் லீவு. ஞாயிறு காலை போய் எடுக்க வேண்டும். போகும்போது அம்மா கேட்டபடி பறவைப் படம் இருக்கிற இன்னொன்று அந்தக் குவியலில் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.